மாதிரி ரயில் தளத்தில் சிக்னல் விளக்குகள் தாமாகவே மாறும்படி வயரிங் செய்வது எப்படி?

ரயில் கன்ட்ரோலரிலிருந்தே சிக்னலுக்கும் மின்சாரம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சாதாரண டிசி தளத்தில் தண்டவாளத்தின் வோல்டேஜை மாற்றித்தான் வேகத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். ரயில் மெதுவானால் சிக்னல் மங்கும், நின்றால் அணைந்துவிடும். பின்னோக்கி ஓட்டினால் துருவம் மாறும். பெரும்பாலான எல்இடிகள் தலைகீழாக 5 வோல்ட் வரைதான் தாங்கும். வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் டிசி அடாப்டர் ஒன்றைச் சிக்னலுக்கென்றே ஒதுக்குங்கள்.

எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டருக்கு எல்லோரும் 1 கிலோ ஓம் என்பார்கள். கணக்கில் பிழையில்லை: சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 10 வோல்ட்டுக்கு 10 மில்லி ஆம்பியர். ஆனால் அந்த வெளிச்சத்தில் சிக்னல் டார்ச் லைட் போலக் கண்ணைக் கூசவைக்கும். நான் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 3.3 கிலோ ஓம், பச்சைக்கு 10 கிலோ ஓம் போடுகிறேன். இப்போது வரும் பச்சை எல்இடிகளுக்கு அது போதும். எந்த விளக்குக்கும் தனி ரெசிஸ்டர்தான். நம் ஊர் சிக்னல் என்றால் மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு.

இனி, எது எப்போது எரிய வேண்டும் என்ற கேள்வி. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டில், பாதை காலியாக இருக்கும்வரை தண்டவாளம் வழியாக வரும் மின்சாரம் ஒரு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் மாறும் சுவிட்சை, இழுத்துப் பிடித்திருக்கும். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விடுபட்டுச் சிவப்பு எரியும். வயர் அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் அதே சிவப்புதான். நம் மாதிரி ரயிலில் இதை அப்படியே செய்ய முடியாது. ஷார்ட் ஆகாமலிருக்க அச்சின் ஒரு பக்கச் சக்கரம் காப்பிடப்பட்டிருக்கும். ஆனால் எது பழுதானாலும் சிவப்பே எரியும் அந்த ஒழுங்கை மட்டும் கடன் வாங்கலாம்.

பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். ஒளி விழும்வரை அது ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர் மூலம் 12 வோல்ட் ரிலேயைப் பிடித்திருக்கட்டும். ரயில் மறைத்தால் ரிலே விடுபடும். அகச்சிவப்பு எல்இடி பழுதானாலும் விடுபடும். ஒளிக்கதிர் பாதையைச் சாய்வாகக் கடக்க வேண்டும். நேர்க்குறுக்கே வைத்தால் இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள சந்தில் ஒளி புகுந்து சிக்னல் படபடக்கும். ரிலே சுருளுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்று அவசியம், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: ஜன்னல் வெயில் சென்சார் மேல் விழுந்தால் ரயில் நிற்கும்போதே பாதை காலி என்று காட்டும். கறுப்புக் குழாய்க்குள் சென்சாரை வைத்து, வெயில் வராத பக்கம் திருப்பிவிடுங்கள்.

இரண்டு துருவ ரிலேயாக (ஒரே சுருள் இரண்டு தனித்தனி சுவிட்சுகளை மாற்றும் வகை) வாங்கினால் மூன்று வண்ணமும் கிடைத்துவிடும். சிக்னலில் மூன்று எல்இடிகளின் பிளஸ் முனைகளும் ஒன்றாக அடாப்டரின் பிளஸ்ஸுக்குப் போகட்டும். மைனஸை, சிக்னலுக்கு முன்னால் உள்ள பகுதியின் ரிலேயில் முதல் துருவத்தின் பொது முனையில் கொடுங்கள். ரிலே விடுபட்டிருக்கும்போது பொது முனையோடு இணைந்திருக்கும் முனை சிவப்புக்கு. மற்ற முனையை அடுத்த பகுதி ரிலேயின் இரண்டாம் துருவப் பொது முனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே விடுபட்ட முனை மஞ்சளுக்கு, இழுக்கப்பட்ட முனை பச்சைக்கு. ஆக, முன்னால் உள்ள பகுதி காலியாக இருந்து அதற்கடுத்ததில் ரயில் நின்றால் மஞ்சள், இரண்டும் காலியென்றால் பச்சை. ஒரே ஒரு குறை: ஒளிக்கதிர் இருக்கும் இடத்தை மட்டும்தான் அது பார்க்கும். நீளமான பகுதிக்கு, ரயிலின் நீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் சில சென்சார்களை வைத்து, அவற்றின் ரிலேக்களின் இழுக்கப்பட்ட முனைகளைத் தொடராக இணையுங்கள்.

கம்பத்துக்குள் செலுத்த எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி போதும். பற்றவைக்கும் முன் நுனியில் எனாமலைச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் ஈயம் ஒட்டாது. எல்லாக் கம்பியும் ஒரே நிறம் என்பதால் நகச்சாயத்தால் அடையாளம் வையுங்கள்.

இரண்டு மஞ்சள் விளக்குகள் சேர்ந்து எரியும் இரட்டை மஞ்சளும் வேண்டுமென்றால் ரிலேக்களோடு மல்லுக்கட்டாதீர்கள். புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான அர்டுயினோ ஒன்றில் முடித்துவிடலாம். அங்கே 5 வோல்ட் என்பதால் 1 கிலோ ஓமே சரியாக இருக்கும்.