காலநிலை விவாதத்தில் ஆஸ்துமா நோயாளியின் குரலுக்கு என்ன வேலை?

விஞ்ஞானிகள் பேச வேண்டிய காலநிலை விவாதத்தில் நோயாளிகளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனின் லூயிஷம் பகுதியில், வாகனங்கள் ஓயாத சவுத் சர்குலர் சாலையிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் தொலைவில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி, கடுமையான ஆஸ்துமாவால் மூன்றே ஆண்டுகளில் 25 முறைக்கும் மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். 2014இல் நடந்த முதல் விசாரணையின் முடிவில் காற்று மாசுக்கு இடமே இல்லை. ஆசிரியையாக இருந்த தாய் ரோசமண்ட் விடவில்லை. அம்முடிவு 2019இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2020 டிசம்பரில் காற்று மாசும் அவளுடைய இறப்புக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அதுவே முதல் முறை.

என்னை உலுக்குவது அத்தீர்ப்பின் இன்னொரு பகுதி: மாசின் ஆபத்தைத் தாயிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால், மகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நடவடிக்கைகளை அவர் எடுத்திருப்பார்.

நுரையீரலைப் புண்ணாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடும் புவியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடும் அதே டீசல் வண்டியின் புகைக்குழாயிலிருந்துதான் வெளியேறுகின்றன. வெப்பம் கூடக்கூட, ஒவ்வாமை தரும் மகரந்தப் பருவமும் பல நாடுகளில் நீள்கிறது. ஆகவே, இன்ஹேலரை எழுதித்தரும் மருத்துவர் வீட்டருகே உள்ள காற்றைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்று நோயாளிகள் கேட்பது முழுக்க நியாயமானது.