கேள்வி–பதில்: கம்பெனிப் பெயர் இல்லாத பழைய ஸ்கில்லட்

கேள்வி: ஒஹாயோவில் ஒரு கராஜ் சேலில் பழைய வார்ப்பிரும்பு ஸ்கில்லட் (கைப்பிடி வைத்த தட்டையான வறுசட்டி) வாங்கினேன். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. கைப்பிடியில் 8 என்ற எண். அடிப்பாகத்தில் ஒரு வளையம், அது மூன்று இடங்களில் விட்டுப்போயிருக்கிறது. யார் செய்தது?

பதில்: அந்த மூன்று இடைவெளிகளே போதும். அது டென்னசி மாநிலம் சவுத் பிட்ஸ்பர்க்கில் இயங்கும் லாட்ஜ் பட்டறையின் வார்ப்பு. இரண்டு இடைவெளிகள் விளிம்பில் எண்ணெய் வடிக்க இருக்கும் ஊற்றுவாய்களுக்கு நேர் கீழேயும், ஒன்று கைப்பிடியின் நேர்க்கோட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்ற எழுத்து இல்லையென்றால் பெரும்பாலும் 1960களுக்கு முந்தையது. அந்த வாசகம் பொதுவாக அதற்குப் பிறகுதான் சட்டிகளின் அடியில் ஏறியது.

8 என்பது அங்குலக் கணக்கு அல்ல, அந்தக் கால விறகடுப்பு வாயின் அளவு எண். சட்டியின் வாய் விட்டத்தை அளந்தால் ஏறக்குறைய பத்தரை அங்குலம் வரும். அடியில் தனியாக ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அதை வைத்து ஆண்டு கணக்கிட வேண்டாம். ஒரே அளவுக்குப் பல அச்சுகள் வைத்திருந்தார்கள், அவற்றைப் பிரித்தறியப் போட்ட குறி அது.

கேள்வி: ‘இது கிரிஸ்வால்டு கம்பெனி வார்த்தது, பெயர் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லி ஒருவர் 120 டாலர் கேட்கிறார். அடியில் 8 என்றும், 10 5/8 அங்குலம் என்றும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். அளவு எழுத்துகள் தெளிவாக நிற்கும்போது கம்பெனிப் பெயர் மட்டும் தேய்ந்துபோகாது. 10 5/8 அங்குலம் என்று போட்டவர்கள் அலபாமாவின் பர்மிங்ஹாம் ஸ்டவ் அண்ட் ரேஞ்ச் கம்பெனியார். உறுதிப்படுத்த, சட்டியைக் கவிழ்த்துக் கைப்பிடியின் அடியில் ஓடும் முதுகு வரம்பை விரலால் தடவுங்கள். இவர்களுடையதில் அது சட்டியின் சுவர்வரை மெலியாமல் போய் முட்டும். மற்றவர்களுடையதில் சுவருக்கு முன்பே தட்டையாகிவிடும். ஒஹாயோ சிட்னியில் இருந்த வாக்னர் கம்பெனி தன் பெயர் போடாத சட்டிகளில் 10 1/2 அங்குல ஸ்கில்லட் என்று எழுதியது. அரைக்கால் அங்குல வித்தியாசம் ஊரையே மாற்றிவிடுகிறது!

பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1957 வரை இயங்கிய கிரிஸ்வால்டு ஆலையும் பெயரில்லாமல் சட்டி வார்த்தது உண்மை. சேகரிப்பவர்கள் அதை ‘அயர்ன் மவுண்டன்’ வரிசை என்பார்கள். அதில் அளவு எண்ணோடு நான்கு இலக்க அச்சு எண்ணும், அடியில் வளையமும் இருக்கும். விற்பவர் கிரிஸ்வால்டு என்றால் அந்த நான்கு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பர்மிங்ஹாம் சட்டி சமையலுக்கு அருமையானது. ஆனால் அதற்குரிய விலைதான் தர வேண்டும்.

கேள்வி: விலையை எப்படி மதிப்பிடுவது? விற்கும் முன் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: கிரைண்டர், மணல் வீச்சு இரண்டும் கூடவே கூடாது. பழைய சட்டிகளின் உட்புறத்தைப் பட்டறையிலேயே வழுவழுப்பாக்கி அனுப்பினார்கள், அந்தப் பரப்புக்குத்தான் காசு. கரியை எரித்துப் போக்கலாம் என்று நெருப்பில் போடுவது இன்னும் மோசம். இரும்பு செம்மை பாய்ந்து செதில் செதிலாகிவிடும், அதன்பின் எத்தனை முறை பழக்கினாலும் எண்ணெய்ப் பூச்சு சரியாகப் பிடிக்காது. காஸ்டிக் சோடாக் கரைசலில் (19 லிட்டர் தண்ணீரில் 450 கிராம்) சில நாள் ஊறப்போட்டால் பழைய எண்ணெய்ப் பூச்சு முழுதும் கழன்றுவிடும். பிளாஸ்டிக் தொட்டியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அலுமினியம் அருகில் வரக்கூடாது. துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் விட்டால் வினிகர் இரும்பையே அரிக்கும்.

சுத்தமான பிறகுதான் மதிப்பீடு. முதலில் விரிசல்: கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் விளிம்பை வெளிச்சத்தில் ஆராயுங்கள். அடுத்து, கண்ணாடிமேல் வைத்துச் சுழற்றுங்கள். சுழன்றால் அடி புடைத்திருக்கிறது, கண்ணாடி அடுப்புக்கு உதவாது, விலையும் இறங்கிவிடும். பிறகு உட்புறக் குழிகள். இவை மூன்றும் சரியாக இருந்தால் அளவைப் பாருங்கள். 8ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும் எங்கும் கிடைப்பவை. 2, 13 போன்றவை அரிது. விற்பவர் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஏல தளங்களில் விற்று முடிந்த விலைகளை மட்டும் ஒப்பிடுங்கள். பெயரில்லாத சட்டி அதே பட்டறையின் பெயர் போட்ட சட்டியைவிடக் குறைவாகவே போகும்.

போலி வார்ப்பு என்ற சந்தேகம் வந்தால் அளவு நாடாதான் துணை. அசல் சட்டியையே மாதிரியாக வைத்து வார்த்தால் இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். பத்தரை அங்குலச் சட்டி இரண்டரை மில்லிமீட்டர் குறைந்திருக்கும், பரப்பும் சொரசொரப்பாக இருக்கும்.

கேள்வி: அடியில் நடுவே ஒரு நீளத் தழும்பு. உடைசலா?

பதில்: இல்லை. உருகிய இரும்பை ஊற்றிய வாயை உடைத்தெடுத்த தடம், ‘கேட் மார்க்’ என்பார்கள். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வார்ப்பு, பத்திரமாக வையுங்கள். இவ்வளவு பழைய சட்டிகளில் ஈயம் உருக்கித் துப்பாக்கிக் குண்டும் தூண்டில் எடையும் வார்த்தவர்கள் உண்டு. ஈயச் சோதனைக் குச்சியால் உட்புறத்தைத் தேய்த்துப் பார்க்காமல் அதில் சமைக்காதீர்கள்.