முட்டி வலிக்கு எந்த யோகா கிளாஸ்?

கேள்வி: எனக்கு 46 வயசு, பேங்க்ல உக்காந்தே பாக்குற வேலை. பிபி மாத்திரை சாப்பிடுறேன், படி இறங்கும்போது வலது முட்டி வலிக்குது. வீட்டுப் பக்கத்துல மூணு யோகா கிளாஸ் நடக்குது, ஜிம்முல பவர் யோகா, அப்புறம் அஷ்டாங்க, இன்னொண்ணு ஐயங்கார் முறை. பவர் யோகாதான் சீக்கிரம் வெயிட் குறைக்கும்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. எதுல சேரட்டும்?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: பவர் யோகா இப்போதைக்கு வேணாம்மா. அங்க ஒரு மூச்சுக்கு ஒரு அசைவுன்னு விடாம ஓடிக்கிட்டே இருக்கும், முட்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு கவனிக்கிறதுக்குள்ள அடுத்த ஆசனம் வந்துடும். வெயிட் குறையிறது பெரும்பாலும் சாப்பாட்டுலயும் தினசரி நடையிலயும்தான் இருக்கு, அதுக்காக முட்டியைப் பணயம் வைக்காதீங்க.

அஷ்டாங்கவும் ஐயங்கார் முறையும் ஒரே குருகிட்ட இருந்து வந்ததுதான். 1930கள்ல மைசூர் அரண்மனையில யோகா சொல்லிக்குடுத்த கிருஷ்ணமாச்சாரியார்கிட்டதான் பட்டாபி ஜோய்ஸும் பி.கே.எஸ். ஐயங்காரும் படிச்சாங்க. அதே கிருஷ்ணமாச்சாரியார் பின்னாடி சென்னைக்கு வந்து, ஒவ்வொருத்தர் உடம்புக்கும் வயசுக்கும் தகுந்த மாதிரி மாத்திச் சொல்லிக்குடுத்தார், அவர் மகன் தேசிகாச்சார் 1976ல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்ங்கிற யோகா மையமும் அந்த வழிதான். குருவே ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கார், அப்புறம் நாம ஏன் ஒரு முறையோட பேரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்?

அஷ்டாங்கல ஆசனங்களோட வரிசை மாறாது, முதல் சீரிஸ் முழுசா செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுல ஒரு காலை மட்டும் மடக்குற அரை பத்மாசனம், ரெண்டு காலையும் மடக்குற முழு பத்மாசனம்னு கால் மடக்குறது நிறைய. இடுப்பு மூட்டு இளகாதவங்க அதை வலுக்கட்டாயமா மடக்குனா இழுப்பு மொத்தமும் முட்டிக்குத்தான் போகும். முட்டி சரியானப்புறம் ஆசை இருந்தா போங்க, நல்ல பயிற்சிதான் அது.

நான் சொல்றது ஐயங்கார் கிளாஸ். காலை அகட்டி நின்னு பக்கவாட்டுல சாயுற திரிகோணாசனம் செய்யும்போது கை தரையைத் தொடலையா, செங்கல் சைஸுல ஒரு கட்டை குடுப்பாங்க, அது மேல கையை வச்சா போதும். முன்கால் முட்டிச்சில்லு கால்விரல் இருக்கிற திசையையே பாக்குதான்னு டீச்சர் குனிஞ்சு பாத்துத் திருத்துவாங்க, தேவைன்னா நாற்காலி, பெல்ட், மடிச்ச போர்வை எல்லாம் வரும். இதை வயசானவங்க யோகான்னு ஒதுக்குறவங்களைப் பாத்தா எனக்குக் கோவமே வரும், நின்னு செய்ற ஆசனங்களை அங்க அசையாம பிடிச்சு நிக்கச் சொல்லுவாங்க பாருங்க, தொடை நடுங்கிடும்.

ஆனா போர்டுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துப் பணம் கட்டாதீங்க. ஒரு நாள் டிரையல் கேளுங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிபி, முட்டி, பழைய ஆபரேஷன் பத்தி விசாரிக்கிறாங்களா? நாப்பது பேரை நிறுத்திட்டு டீச்சர் மேடையில மைக் பிடிச்சுக்கிட்டு தானே செஞ்சு காட்டிக்கிட்டு இருந்தா உங்க முட்டியை யார் பாப்பா? முடியலன்னு சொல்றவங்களுக்கு வேற வழி சொல்லணும், "ட்ரை பண்ணுங்க வந்துடும்"னு அழுத்தித் தள்ளுற இடம்னா அன்னிக்கே வந்துடுங்க. கடைசியில மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனத்துக்கு நேரம் ஒதுக்குறாங்களான்னும் பாருங்க.

பிபி இருக்கிறதால சிரசாசனம், சர்வாங்காசனம், மூச்சை அடக்குறது, மூச்சை வேகமா வெளியே தள்ளுற கபாலபாதி இதெல்லாம் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் தொடாதீங்க, கண்ணுல க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கிறவங்களும் தலைகீழ் ஆசனம் செய்யக்கூடாது. யோகா செய்றோமேன்னு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. சேர்றதுக்கு முன்னாடி முட்டியையும் ஒரு தடவை எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. கிளாஸ் போன மறுநாள் தொடையில, முதுகுல சதை வலிச்சா பரவாயில்ல, முட்டிக்குள்ள வலியோ வீக்கமோ வந்தா டீச்சர்கிட்ட சொல்லிட்டு அந்த ஆசனத்தை நிறுத்துங்க.

கேள்வி: ஆன்லைன் குரூப் கிளாஸ்ல சேந்து யோகா கத்துக்கலாமா? நேர்ல போக நேரமே இல்ல.
- வாசகர், திருப்பூர்

பதில்: புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா வேணாம் தம்பி. ஸ்க்ரீன்ல நீங்க தீப்பெட்டி சைஸுலதான் தெரிவீங்க, தோள் தப்பா இருந்தாலும் யாரும் தொட்டுத் திருத்த முடியாது. ஞாயித்துக்கிழமை மட்டுமாவது நேர்ல போய் சில மாசம் அடிப்படையைக் கத்துக்கோங்க, மத்த நாள் ஆன்லைன்ல தொடருங்க. அப்பவும் சின்ன பேட்ச்சா பாத்து சேருங்க, போனை பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளி வச்சு தலையில இருந்து கால் வரைக்கும் தெரியுற மாதிரி பாத்துக்கோங்க, சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும்.