மொட்டைமாடி ஒழுகினால் செலவு யாருடையது?

கேள்வி: காட்பாடியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தில், கடைசி மாடியில் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. சாவி வாங்கி நாலரை வருடம் ஆகிறது. போன ஐப்பசி மழையிலிருந்து படுக்கையறைச் சீலிங் ஒழுகுகிறது. பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. மாடி முழுக்கத் தட்டோடு மாற்றி வாட்டர் ப்ரூஃபிங் செய்ய 3 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. "நனையறது நீங்கதானே, நீங்களே பாத்துக்குங்க" என்கிறார்கள் தரைத்தளத்தார். இரண்டாம் மாடிக்காரர் சோலார் ஹீட்டர் ஸ்டாண்டுக்காக மாடியில் துளை போட்டிருக்கிறார். மூன்று வீடுகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டவர் இரண்டு வருடமாக மெயின்டனன்ஸே கட்டவில்லை. நானும் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. நிறுத்தினால் நியாயம் கேட்டு வந்த நீங்களும் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள். நிலுவை வைத்தவருக்குக் கூட்டத்தில் ஓட்டு இல்லை என்று பல வீட்டு உரிமையாளர் சங்கங்களின் பைலாவில், அதாவது சங்க விதிகளில், இருக்கும். இப்போது உங்களுக்கு அந்த ஓட்டு அவசியம் வேண்டும்.

முதலில் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிரிபடாத பாகம் என்று மனையில் உங்கள் பங்கு எழுதியிருக்கும். அஸ்திவாரம், தூண், பிரதான சுவர், மாடிப்படி போலக் கூரையும் பன்னிரண்டு பேருக்கும் பொது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இன் அடிப்படையும் இதுதான். உங்கள் பங்கு 4,800 சதுர அடியில் 420 என்று வைத்துக்கொள்வோம். பங்கு விகிதப்படி பிரித்தால் 3 லட்சத்தில் உங்கள் தலையில் விழுவது 26,250 ரூபாய்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கும் வழக்கம் உங்கள் பைலாவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 'மாடியை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை' என்று தரைத்தளத்தார் சொன்னால், நாளைக்கு அஸ்திவாரத்தில் விரிசல் விட்டால் அது உங்கள் செலவு மட்டும்தானா என்று கேளுங்கள். வாய் அடைத்துப்போகும்.

ஆனால் அண்டை வீட்டாரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன்னால் பில்டரைப் பிடியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நாலரை வருடம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ பில்டர் கவனத்துக்கு வந்தால், 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம். உங்கள் கட்டடத்துக்கு ரெரா பதிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு மிச்சம் ஆறு மாதம். இந்த வாரமே தேதி போட்டு, புகைப்படம் இணைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பில்டரைத் திட்டுவது நோட்டீஸ் ஆகாது. சங்கம் அனுப்பினால் பலம். அவர்கள் இழுத்தடித்தால் நீங்கள் தனியாகவே அனுப்பலாம், சென்னையிலுள்ள ரெரா ஆணையத்தில் தனியாகவே புகாரும் கொடுக்கலாம்.

பில்டர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதான். 'சோலார் ஸ்டாண்டுக்குத் துளை போட்டீங்க, அதான் ஒழுகுது' என்பார். துளை இருக்கும் இடமும் கசிவு இறங்கும் இடமும் ஒன்றா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. தகுதியுள்ள சிவில் இன்ஜினியரை வைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மேஸ்திரியின் வாய்மொழி கோர்ட்டில் எடுபடாது. துளையால்தான் ஒழுகுகிறது என்றால், அந்த இடத்துக்கான செலவை இரண்டாம் மாடிக்காரர் ஏற்க வேண்டும். பொதுக் கணக்கில் ஏற்ற முடியாது.

பாக்கிதாரர் விஷயத்தில் சங்கம் தூங்கக்கூடாது. நிலுவைக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடக் கெடு. ஒவ்வொரு மாத பாக்கிக்கும் கணக்கு தனியாக ஓடுகிறது. பணம் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர், அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அல்ல. தண்ணீர் வால்வை மூடுவது, கரண்ட்டைத் துண்டிப்பது போன்ற யோசனைகள் கூட்டத்தில் கட்டாயம் வரும். சம்மதிக்காதீர்கள். மறுநாளே அவர் தடையுத்தரவு வாங்கிவிடுவார், பிறகு அவர் நல்லவர், நீங்கள் அடாவடிக்காரர்.

பேச்சு முறிந்தால், வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதுவும் பலிக்காவிட்டால் சிவில் வழக்குதான்; அதில் மாடியை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். அதுவரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். இன்ஜினியர் பார்த்துப் படம் எடுத்து முடிக்கும்வரை ஒரு தட்டோட்டைக்கூடப் பெயர்க்க விடாதீர்கள்.