36 வயதில் முனைவர் பட்டமா? தாராளமாக

சகோதரி, சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் வெள்ளியைப் பற்றவைத்து ஒட்டும்போது எழும் புகை கர்ப்பிணிகளையும் கருவையும் என்ன செய்கிறது என்று ஆராய ஆசை, ஆனால் 36 வயதாகிவிட்டதே என்று கேட்டிருந்தீர்கள். வயது வரம்பு ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத்தான், முனைவர் படிப்புக்கு அல்ல, தயங்காதீர்கள்.

அமெரிக்க விஞ்ஞானி தியோ கோல்போர்ன் என்ற பெண்மணி மருந்தாளுநராக இருந்து, பிள்ளைகளை வளர்த்து, 1985இல் 58 வயதில்தான் விலங்கியலில் முனைவர் ஆனார். அமெரிக்கப் பேரேரிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் படித்தபோது, தாய்ப் பறவையைவிடக் குஞ்சுகளே அதிகம் பாதிக்கப்பட்டதைக் கவனித்தார். ஹார்மோன்களைக் குலைக்கும் ரசாயனங்கள் என்ற துறையே அப்புறம்தான் உருவெடுத்தது.

உங்கள் தலைப்பும் லேசானதல்ல. வெள்ளியை ஒட்டப் பயன்படும் பற்றுப்பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் சூட்டில் ஆவியாகி நுரையீரலுக்குப் போகும். சிறுநீரகத்தில் பத்து இருபது வருடம் தங்கும். நஞ்சுக்கொடியிலும் சேர்ந்து, கருவுக்குப் போகவேண்டிய துத்தநாகத்தை மறிக்கும். ரத்தத்தில் அளந்தால் சமீபத்தில் உள்ளே போனது தெரியும். சிறுநீரில் அளந்தால் பல வருடச் சேர்மானம் தெரியும். இரண்டும் வேண்டும்.

முதலில் பெரியார் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டி தேடுங்கள். மும்பையில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதி வாங்கும்வரை யாரிடமும் மாதிரி எடுக்காதீர்கள். பட்டறைப் பெண்கள் உங்களை நம்பிப் பேசுவார்கள். வெளியூர் ஆய்வாளருக்கு அது லேசில் கிடைக்காது.