மதுரையில் 16 ஆண்டுகள், இங்கிலாந்தில் முதல் ஆண்டு

கேள்வி: மதுரையில் 16 ஆண்டுகள் பிளஸ் டூவுக்குக் கணிதம் எடுத்தவள் நான். செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை. நான் பேசும்போதே எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளும் (12, 13 வயது) பேசுகிறார்கள். வகுப்பைப் பார்க்க வந்த துறைத் தலைவர், நான்தான் அதிகம் பேசுகிறேன் என்கிறார். எதை முதலில் மாற்றுவது?

பதில்: உங்கள் கணிதத்தில் குறை இல்லை, அதை முதலில் நம்புங்கள். மதுரையில் நீங்கள் உள்ளே வந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. பெற்றோர், பள்ளி, பொதுத்தேர்வு எல்லாம் சேர்ந்து உங்களுக்குத் தந்த மரியாதை அது. இங்கே ஒவ்வொரு வகுப்பிலும் நீங்களே அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது. குரலை உயர்த்திப் பயனில்லை, தினமும் மாறாத பழக்கம்தான் வேலை செய்யும்.

மணி அடிக்கும்போது வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே விடுங்கள். அவர்கள் உட்காரும்போதே பலகையில் நான்கு சின்னக் கணக்குகள் இருக்கட்டும். பேச வேண்டுமென்றால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு முழு அமைதிக்குக் காத்திருங்கள். பாதி அமைதியில் தொடங்கினால், மீதிப் பாதி பேசலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்தது போலாகிவிடும். எச்சரிக்கை கொடுக்கும்போது பள்ளியின் நடத்தை விதியில் உள்ள சொற்களையே பயன்படுத்துங்கள். பக்கத்து வகுப்பில் கேட்ட அதே வாக்கியத்தை உங்களிடமும் கேட்டால் பிள்ளைகள் வாதாட மாட்டார்கள். நன்றாக நடந்த பிள்ளையின் வீட்டுக்கும் வாரம் இரண்டு போன் போடுங்கள்.

அதிகம் பேசுகிறீர்கள் என்பதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளஸ் டூவில் முழுப் பலகையும் நிரப்பி நிரூபணம் காட்டியவர் நீங்கள், இங்கே அதை உடைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கள். உடனே அதே மாதிரி இன்னொன்றைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முப்பது விடைகளும் ஒரே பார்வையில் தெரியும். எங்கே தவறு என்று உங்கள் அனுபவம் நொடியில் கண்டுபிடித்துவிடும். இதில் உங்களுக்கு இணையாகப் புது ஆசிரியர் யாரும் வர முடியாது.

தேர்வையும் படித்து வையுங்கள். ஜிசிஎஸ்இ என்பது இங்கே 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு. பெரும்பாலான பள்ளிகளில் அதன் கணிதத்துக்கு மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 80 மதிப்பெண். முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. கிரேடு 9தான் உச்சம், ஆனால் ஃபவுண்டேஷன் என்ற எளிய பிரிவை எழுதுபவர்கள் அதிகபட்சம் கிரேடு 5 வரைதான் எடுக்க முடியும். கிரேடு 4கூட எடுக்காதவர்கள் 16 வயதுக்குப் பிறகு படிப்பைத் தொடரும்போது கணிதத்தையும் விடாமல் படிக்க வேண்டும். அதனால் பல பிள்ளைகளுக்குக் கணிதம் என்றாலே ஒரு பயம். "இது எதுக்கு மிஸ்?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்பது திமிர் இல்லை, பெரும்பாலும் அந்தப் பயம்தான். அப்புறம், சொற்கள். நாம் ஸ்லோப் என்பதை இங்கே கிரேடியன்ட் என்பார்கள், எக்ஸ்போனன்ட்ஸ் இங்கே இண்டைசஸ். லட்சத்துக்குக் கமா போடும் கை தானாகவே 1,00,000 என்று எழுதிவிடும், இங்கே அது 100,000.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய பழக்கம் கூடவே கூடாது. வீட்டில் அடிக்கிறார்கள் என்பது போல எதையாவது ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே, தாமதிக்காமல் கொடுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டு நாமே பேசித் தீர்ப்பது நம் ஊரில் அக்கறை. இங்கே அது அந்தப் பிள்ளையை ஆபத்தில் தள்ளலாம்.

பாடம் தயாரிக்கவும் திருத்தவும், கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் அட்டவணையிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். அதில் ஒரு மணி நேரத்தை இந்த வாரமே எடுத்து, உங்கள் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளை வேறோர் ஆசிரியர் எப்படி உட்கார வைக்கிறார் என்று போய்ப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.