மூன்று பாட்டில் யார் போட்ட கணக்கு? சலைன் பற்றிச் சில கேள்விகள்

கேட்டவர்களில் பெரும்பாலோர் நர்சிங் மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் ஒருவரும் உண்டு.

வாய் வழியாக எதுவும் தரக் கூடாத 60 கிலோ நோயாளி. நாளைக்கு மூன்று லிட்டர் நார்மல் சலைன் (0.9% உப்புக் கரைசல்) என்று எழுதியிருக்கிறார்கள். இது எந்தக் கணக்கு?

பழக்கம்தான், வேறு கணக்கு இல்லை. எவ்வளவு என்று பார்க்கும் முன், எதற்கு என்று கேளுங்கள். விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கவா, வாந்தி பேதியில் போனதை ஈடுகட்டவா, இல்லை அன்றாடத் தேவைக்கு மட்டுமா? இவருக்கு மூன்றாவது.

பெரியவர்களுக்கு அன்றாடத் தேவை கிலோவுக்கு 25 முதல் 30 மில்லி தண்ணீர். அப்படியானால் இவருக்கு 1,500 முதல் 1,800 மில்லி போதும். சோடியமும் பொட்டாசியமும் கிலோவுக்குச் சுமார் 1 மில்லிமோல் (கரைந்த உப்புகளை அளக்கும் அலகு), அதாவது தலா 60. கூடவே 50 முதல் 100 கிராம் குளுக்கோஸ், பட்டினியில் கீட்டோன் (கொழுப்பு எரிவதால் உண்டாகும் அமிலப் பொருள்) ஏறாமல் இருக்க.

இப்போது அந்த மூன்று லிட்டரைப் பாருங்கள். லிட்டருக்கு 154 வீதம் 462 மில்லிமோல் சோடியம். உப்பாகச் சொன்னால் 27 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. பொட்டாசியமோ பூஜ்யம். இளைஞர் என்றால் இரண்டு நாள் தாங்கிவிடுவார். இதயம் பலவீனமான முதியவருக்குக் கால் வீங்கும், அப்புறம் மூச்சு வாங்கும். வயதானவர்களுக்கும் இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கிலோவுக்கு 20 முதல் 25 மில்லி என்று குறைத்துத் தொடங்குவதே நல்லது.

சார்ட்டில் பலரும் எழுத மறக்கிற ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக்கை 100 மில்லி சலைனில் கலந்து நாளைக்கு நான்கு வேளை கொடுத்தால் அதுவே 400 மில்லி. அதில் இருக்கும் சோடியம் 61 மில்லிமோலுக்கு மேல். இந்த நோயாளியின் ஒரு நாள் சோடியம் முழுவதும் மருந்தோடு மருந்தாகப் போய்விட்டது. அதற்கு மேல் பெரிய பாட்டிலில் போவதெல்லாம் உபரிதான்.

நார்மல் சலைனா, ரிங்கர் லாக்டேட்டா?

ஒரு லிட்டர் வரை பெரும்பாலானவர்களுக்கு எதுவும் சரி. பல லிட்டர் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். ரத்தத்தில் குளோரைடு 100ஐ ஒட்டி இருக்கும், சலைனில் 154. நிறைய ஏற்றினால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் எல்லாம் கலந்த ரிங்கரில் சோடியம் 130, குளோரைடு 109 அளவில்தான். அதிலுள்ள லாக்டேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். 2018இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் ரிங்கர் போன்ற திரவங்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கொஞ்சம் குறைவு. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் இறப்பு விகிதத்தில் தெளிவான வித்தியாசம் தென்படவில்லை. அதனால் இதை மதச் சண்டையாக்க வேண்டாம். நிறையத் தேவைப்பட்டால் என் கை ரிங்கருக்குத்தான் போகும். விடாத வாந்தியில் குளோரைடு இழந்தவருக்கும் தலையில் அடிபட்டவருக்கும் சலைன்.

'ரிங்கரில் பொட்டாசியம் இருக்கிறதே, சிறுநீரக நோயாளிக்குக் கூடாதே' என்று வார்டில் அடிக்கடி சொல்வார்கள். லிட்டருக்கு 4 மில்லிமோல்தான் இருக்கிறது. ரத்தத்தில் 6 இருப்பவருக்கு 4 உள்ள திரவம் எப்படி அதை ஏற்றும்? சலைன் உண்டாக்கும் அமிலத்தன்மைதான் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

ரத்த அழுத்தம் விழுகிறது, கையில் 5% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) பாட்டில்தான் இருக்கிறது. ஓட்டலாமா?

வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை எரிந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது உடம்பு முழுக்கப் பரவி, லிட்டருக்கு 100 மில்லிகூட ரத்தக் குழாயில் நிற்காது. சலைன், ரிங்கர் என்றால் ஏறக்குறைய கால் பங்கு நிற்கும். பெரியவருக்கு 500 மில்லியைப் பதினைந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிட்டு நாடி, ரத்த அழுத்தம், நுரையீரல் சத்தம் எல்லாம் மறுபடி பாருங்கள். இரண்டு லிட்டர் போயும் நிமிரவில்லை என்றால் அடுத்த பாட்டிலைத் தேடாமல் சீனியரைக் கூப்பிடுங்கள்.

சொட்டுக் கணக்கு ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

மணிக்கு எத்தனை மில்லி என்று முதலில் கண்டுபிடியுங்கள். 1,800 மில்லி 24 மணி நேரத்துக்கு என்றால் மணிக்கு 75. ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது செட்டின் (பாட்டிலில் மாட்டும் சொட்டுக் குழாய்) உறையிலேயே இருக்கும். 20 சொட்டு செட் என்றால் 75ஐ மூன்றால் வகுங்கள்: நிமிடத்துக்கு 25. 15 சொட்டு என்றால் நான்கால் வகுத்து 19. 60 சொட்டு மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம், 75 மில்லிக்கு 75 சொட்டு.

எண்ணும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நோயாளி கையை மடக்கினாலோ புரண்டு படுத்தாலோ வேகம் மாறிவிடும். பாட்டிலில் ஒரு டேப் ஒட்டி, மணிக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

22 கிலோ குழந்தைக்கு?

முதல் 10 கிலோவுக்கு மணிக்கு 4 மில்லி வீதம் 40, அடுத்த பத்துக்கு 2 வீதம் 20, மீதி இரண்டு கிலோவுக்கு 1 வீதம் 2. ஆக 62. இந்த வழி 1957இல் ஹாலிடே, சீகர் இருவரும் தந்த கணக்கிலிருந்து வந்தது. அளவு இன்றும் பயன்படுகிறது. அவர்கள் சொன்ன உப்பு குறைந்த திரவம்தான் இன்று சரிப்படாது. நோயுற்ற குழந்தையின் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோடியம் இறங்கி மூளை வீங்கலாம். அதனால் ரத்தத்துக்கு நிகரான சோடியம் உள்ள திரவத்தில் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்துக் கொடுப்பதுதான் இப்போதைய வழி. பச்சிளம் குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. நீரிழப்பு எடையில் 5% என்றால் கிலோவுக்கு 50 மில்லி: 22 × 50, அதாவது 1,100 மில்லி ஈடு. இதைத் தனியாக எழுதுங்கள்.

அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடச் சொல்லலாமா?

அரை லிட்டர் 5% பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், ஆறு டீஸ்பூன் சர்க்கரை அளவு. நூறு கலோரிகூட வராது. விழுங்க முடிகிறவருக்கு வாய்தான் நல்ல வழி. ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கலாமா?

தொங்குகிற பாட்டிலில் ஊசி போடவே கூடாது. பொட்டாசியம் கரைசல் கனமானது, அடியில் தங்கி மொத்தமாக முதலில் இறங்கும், இதயம் நின்றுவிடலாம். நேராக ரத்தக் குழாயில் தள்ளுவதும் அதே ஆபத்துதான். ஏற்கெனவே கலந்து வரும் பாட்டில் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் புதுப் பாட்டிலில் சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகு மாட்டுங்கள். கை நரம்பில் லிட்டருக்கு 40 மில்லிமோலைத் தாண்டாமல், மணிக்கு 10 மில்லிமோலுக்குள். அதைவிட வேகம் தேவைப்பட்டால் இசிஜி மானிட்டர் வேண்டும். சிறுநீர் சரியாக இறங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.